தந்தியில் வந்த 'இம்மீடியட்லி'

எண்பதுகளில் ஆவடியில், தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். கணவருக்கு அங்கே வேலை. திருவிழா, காதுகுத்து என்றால் லீவு கிடைக்காது. தந்தி வந்தால் கிடைக்கும். அதனால் எங்கள் வரிசையில் எல்லோரும் ஊருக்குச் சொல்லிவைத்து, "மதர் சீரியஸ், ஸ்டார்ட் இம்மீடியட்லி" என்று ஒரு தந்தியை வரவழைத்துக்கொள்வோம். எத்தனை அம்மாக்கள் இப்படி வருஷாவருஷம் சாகக் கிடந்து எழுந்தார்களோ, தெரியாது.

அந்த வருஷம் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. வழக்கம்போல அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தேன். கொடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, ஒரு மத்தியானம் தந்தி வந்துவிட்டது. அண்ணனுக்கு அவசரம் தாங்கவில்லை என்று சிரித்தேன். கணவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் மேலதிகாரியிடம் அதைக் காட்டி லீவு வாங்கிவந்தார். அன்றைக்கே ரயில் ஏறியிருக்கலாம். ஆனால் திருமுல்லைவாயில் தையல்காரர் என் புது ரவிக்கையை மறுநாள்தான் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகத் தங்கினோம்.

மறுநாள் கிளம்பும்போது பூக்காரம்மாவிடம் கூடுதலாக மல்லிகை கேட்டேன். தந்தி வந்த சேதி அவளுக்கும் எட்டியிருந்தது.

"இன்னாம்மா, அம்மாவுக்கு முடியலன்னு தந்தி வந்துகீது, நீ சிரிச்சிகினு பூ கேக்குற?"

அது சும்மா, லீவுக்காக என்று விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை. எதற்கும் சீக்கிரம் போய்ச் சேரச் சொல்லிவிட்டு, பூவை அளந்து கொடுத்தாள்.

காலையில் ஊரில் இறங்கினால், எங்கள் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட என்னை "வா" என்று சொல்லவில்லை. தலை நிறையப் பூவும் புது ரவிக்கையுமாக நான் உள்ளே போய் நின்றேன். எனக்காக எடுக்காமல் அம்மாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். சித்தி வந்து என் தலையிலிருந்த பூவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாள்.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நேத்துப் பொழுதடையிற வரைக்கும் ஒன்னையத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தா. ஒடனே வரச் சொல்லித்தான தந்தி குடுத்தேன்" என்றார்.

அந்த ரவிக்கையை அதன் பிறகு நான் போடவில்லை. இம்மீடியட்லி என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தவள்தான் நான். இன்றைக்கு யார் வரச்சொன்னாலும் ஏன், எதற்கு என்று கேட்காமல் கிளம்பிவிடுகிறேன். அம்மாவைத் தவிர எல்லோரிடமும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறேன்.