ஸ்டெல்லா ஏன் குதிரையிலிருந்து இறங்கவில்லை?

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயா சைக்கிளோடு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றார்.

விழவில்லை. அவராகவே இறங்கினார்!

காரணம், சத்தம். வளைவுக்கு அந்தப் பக்கம் ‘டக்… டக்…’ என்று குதிரைக் குளம்பு. எங்கள் தோட்டத்தில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை. சைக்கிளில் வருகிறவர் இறங்குவார். குடை பிடித்தவர் மடக்குவார். தலைத்துண்டு கக்கத்துக்குப் போகும். ரோட்டோரக் கானில் ஒதுங்கி, குனிந்து, ஒரு சலாம். பின்னே? குதிரையில் வருகிறது துரை அல்லவா?

வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போய்விட்டார். இப்போதைய பெரிய துரை சிங்களவர், எங்கே போனாலும் ஜீப்தான். இதெல்லாம் கிளாக்கர் ஐயாவுக்கும் தெரியும். அவர் முதுகுக்குத்தான் தெரியவில்லை… அது பழக்கத்தில் வளைந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தார். குதிரை மேல் என் தங்கச்சி ஸ்டெல்லா.

“குட் மார்னிங் ஐயா!” என்றாள் அவள்.

கிளாக்கர் ஐயாவின் காது சிவந்தது. (பெயர் போடமாட்டேன். என் அப்பா இன்னும் அதே தோட்டத்தில்தான் கணக்கப்பிள்ளை!)

ஸ்டெல்லாவைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் இதுவரை எழுதியதே இல்லை. எழுதினால் ‘ஐயோ பாவம்’ என்று நீங்கள் கடிதம் போடுவீர்கள். அந்த வார்த்தை அவளுக்கு ஆகாது. பெல்மதுளை பஸ்ஸில் அவளைத் தூக்கி ஏற்றினால், சிங்கள அம்மாமார் “அனே பவ்” என்று உச்சுக் கொட்டுவார்கள். தமிழ் அம்மாமார் அதையே தமிழில் கொட்டுவார்கள். இவள் என் காதுக்குள், “பாவம் எந்த மொழியில இருந்தாலும் நாத்தம் ஒண்ணுதாண்ணே,” என்பாள். வார்த்தை கொஞ்சம் இழுத்துத்தான் வரும். ஆனால் வரும்!

கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சல். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றோடு ஒன்று பின்னி விறைத்துவிட்டன. நடக்க முடியாது. உட்கார வைத்தால் சாய்ந்துவிடுவாள். இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றினால்தான் நிற்கும் உடம்பு. யோசித்துப் பாருங்கள்… உடம்பைத் தாங்குவதற்கே இரண்டு கையும் போய்விட்டால் மீதி வேலைக்கு எந்தக் கை?

பதினேழு வயசு. அவளுக்கு ஒரே ஆசை. தன் தலையைத் தானே பின்ன வேண்டும்.

சிரிக்காதீர்கள். எங்கள் அம்மா பின்னி விடுகிற விதம் உங்களுக்குத் தெரியாது. எண்ணெயை ஊற்றி, இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து, ரிப்பன் கட்டி… இழுக்கிற இழுப்பில் கண் இரண்டும் மேலே போய்விடும். “எனக்கு ஒத்தப் பின்னல் வேணும், லூசா வேணும்,” என்று இவள் கத்துவாள். “லூசா விட இது என்னா ஆபீசுக் கதவா? நேரா இரு!” என்பார் அம்மா. நேராக இருக்க முடியாததுதானே பிரச்சினை?

நான் காலேஜ் முடித்து, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, வீட்டில் சோற்றுக்குப் பாரமாக இருக்கிறேன். காலேஜ் லைப்ரரியில் எப்போதோ ஒரு வெளிநாட்டு சஞ்சிகை புரட்டியது ஞாபகம் வந்தது. கை கால் விளங்காதவர்களைக் குதிரையில் ஏற்றி நடத்துகிறார்களாம், அது ஒரு வைத்தியமாம். எங்கள் தோட்டத்திலோ ஒரு குதிரை சும்மா நிற்கிறது! வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன கிழட்டுக் குதிரை. பெயர் மேஜர். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும்.

குதிரைக்கார வேலு அண்ணனைப் போய்ப் பார்த்தேன். துரையின் குதிரையைப் பிடித்துக்கொண்டு ராசா மாதிரி நடந்த மனிதர், இப்போது ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

“தொரைக்குத் தெரிஞ்சா என்னா பண்றது தம்பி?”

“குதிரை நடக்காட்டி கால் வீங்கிடும்னு சொல்லுங்க. நீங்க நடத்துறீங்க. மேல ஒரு மூட்டை இருக்கு. அவ்வளவுதான்.”

“யாருடா மூட்டை?” என்று கேட்டாள் ஸ்டெல்லா, விஷயம் தெரிந்ததும்.

அனுமதியா? கேட்டால்தானே இல்லை என்பார்கள்!

அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும் பாடு. “கொமரிப் புள்ள காலப் பரப்பிக்கிட்டு குதிரையில ஒக்காந்தா லயத்து சனங்க என்னா பேசுவாங்க? ஒன்னைய காலேஜுக்கு அனுப்புனது இதுக்குத்தானா?” கடைசியில் என்னுடைய ஒரே நல்ல லோங்ஸ் கால்சட்டையை வெட்டித் தைத்து, பாவாடைக்குள் போட்டுவிட்டுத்தான் அனுப்பினார். இன்டர்வியூ வந்தால் எதைப் போட்டுக்கொண்டு போவது என்று எனக்கு இன்னும் தெரியாது.

குதிரைக் கொட்டிலுக்குப் பக்கத்தில், துரைசானி ஏறுவதற்காகக் கட்டிய கல்படி ஒன்று உண்டு. அதில் வைத்துத்தான் ஏற்றினோம். முதல் நாள் அவள் கத்திய கத்தலில் மேஜரே விழித்துக்கொண்டது! கால்கள் விரியவே இல்லை. உடம்பு பலகை. நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் தொடையைப் பிடித்துக்கொள்ள, வேலு அண்ணன் கயிற்றைப் பிடித்து மெல்ல நடத்தினார்.

கொட்டிலைச் சுற்றி வந்தோம். மறுபடியும் சுற்றினோம். திடீரென்று அம்மா நின்றார்.

“டேய்… கால் தொங்குதுடா.”

ஆமாம். பின்னிக்கொண்டே இருக்கிற அந்தக் கால்கள் இரண்டு பக்கமும் சும்மா தொங்கின. குதிரை முதுகு வெதுவெதுப்பாக இருக்கும் தெரியுமா? அந்தச் சூட்டில் விறைப்பு விட்டுவிடுகிறது. இன்னொன்று, குதிரை நடக்கும்போது மேலே இருக்கிறவரின் இடுப்பை ஆட்டுகிறது. நீங்களும் நானும் நடக்கும்போது இடுப்பு ஆடுகிற அதே ஆட்டம்! பிறந்ததிலிருந்து ஒரு அடி நடக்காத பிள்ளையின் இடுப்புக்கு, நடக்கிறது என்றால் என்ன என்று ஒரு கிழட்டுக் குதிரை சொல்லிக் கொடுத்தது.

அப்புறம் விடாமல் சனிக்கிழமைகளில் போனோம். சேணத்தைப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் உட்கார ஆரம்பித்தாள். பசி எடுத்தது, என் பங்கு ரொட்டி குறைந்தது. குரல் பலமானது, சண்டையில் ஜெயிக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் வீட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தலைக்குத் தூக்கினாள். பாதிப் பின்னலில் சாய்ந்துவிட்டாள். “பாதி வந்திருச்சுல்ல!” என்று தரையில் கிடந்தபடியே கத்தினாள்.

கொட்டில் அலுத்துப்போய் ரோட்டுக்கு வந்தோம். கிளாக்கர் ஐயா கானுக்குள் இறங்கினார். கதை கந்தலானது.

திங்கட்கிழமை அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்: “இனிமே யாரும் குதிரையத் தொடக் கூடாதாம். தொரை ஆர்டர்.”

ஸ்டெல்லாவின் கால்கள் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொண்டன. கோபம் வந்தால் அப்படித்தான்.

“நான் தொரைக்கிட்ட பேசுறேன்,” என்றாள்.

“நீ எப்பிடிம்மா ஆபீசுக்குப் போவ? நான் தூக்கிட்டுப் போனா…” என்றார் அப்பா.

“நீங்க தூக்க வேணாம். மேஜர்ல போவேன்.”

குதிரையைத் தொட அனுமதி கேட்பதற்காக, தொடக் கூடாத குதிரையில் போவது! என் தங்கச்சி அல்லவா?

வேலு அண்ணன் பின்வாங்கினார். “என்னையப் புல்லு வெட்டப் போட்டுருவாங்கம்மா.”

“இப்பவும் நீங்க புல்லுதானேண்ணே வெட்டுறீங்க? குதிரைக்கு?”

போன சனிக்கிழமை, அம்மாவும் நானும் வழக்கம்போல இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, போனோம். வழியில் கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு கானில் ஒதுங்கினார்கள். அப்புறம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். “ஏ புள்ள, தொரைசானி! எங்களுக்கு பேர் போட்டுருவீங்களா?” என்று ஒருத்தி கேட்டாள். “லேட்டா வந்தா அரைப் பேருதான், அரைச் சம்பளந்தான்!” என்றாள் இவள். மேலே சிரிப்பு. ஆனால் நான் பிடித்திருந்த தொடை கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

ஆபீஸ் வாசலில் மேஜர் நின்றது. குளம்புச் சத்தம் கேட்டுக் கிளாக்கர் ஐயா முதலில் ஓடி வந்தார். பின்னால் பெரிய துரை. அப்பா ஏற்கெனவே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில்.

“பாருங்கோ சேர், நான் சொன்னனான் எல்லே?” என்றார் கிளாக்கர் ஐயா. “தோட்டத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. துரைக்கு முன்னால குதிரையில இருக்கிறதோ? இறங்கு பிள்ளை, கீழை இறங்கு!”

துரை அப்பாவைப் பார்த்தார். “யாரு இது? பேர் என்ன? என்ன வேணுமாம்?”

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் மேலேயிருந்து குரல் வந்தது.

“தொரை… நான் இங்க இருக்கேங்க.”

துரை நிமிர்ந்து பார்த்தார்.

“எறங்கச் சொன்னா எறங்குறேங்க. ஆனா எறங்கினா எல்லாரும் எங்க அப்பாக்கிட்டத்தான் பேசுவாங்க. எம் பேரக்கூட அவருக்கிட்டத்தான் கேப்பாங்க. மேல இருந்தாத்தான் எங்கிட்ட பேசுறாங்க.”

இழுத்து இழுத்துத்தான் சொன்னாள். சொல்லி முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசவில்லை. அவளுக்கு இது புதுசு. எனக்கும்தான்… வீட்டில் அவள் பேச்சைப் பாதியில் வாங்கி நான்தானே முடித்து வைப்பேன்?

துரை இரண்டு படி இறங்கி வந்தார். “ஹரி, சரி. நங்கி, உன் பேர் என்ன?” என்று தங்கச்சி முறை வைத்துக் கேட்டார்.

“ஸ்டெல்லாங்க.”

“குதிரை எதுக்கு, ஸ்டெல்லா?”

அவள் எங்களைப் பார்த்தாள். “கைய எடுங்க.”

“ஐயோ, வேணாம்டி,” என்றார் அம்மா.

“எடுங்கம்மா.”

நான் எடுத்தேன். அம்மா ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, அதையும் எடுத்தார்.

ஸ்டெல்லா சேணத்தை விட்டாள். இரண்டு கையையும் தூக்கினாள். அம்மா இறுக்கிக் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்தாள், மற்றதையும் அவிழ்த்தாள், கூந்தலை மூன்றாகப் பிரித்தாள். விரல் சொன்னபடி கேட்காது அவளுக்கு. ஒரு பிரி நழுவும், மறுபடி பிடிப்பாள். வலது பக்கம் சாய்ந்தாள்… என் கை தானாகப் போனது. “தொடாத!” திரும்ப நேரானாள். மேஜர் வழக்கம்போலக் கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியது. வாழ்க்கையில் அதைவிட நல்ல காரியம் அந்தக் குதிரை செய்திருக்காது.

ஆபீசுக்குள் டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. ஜன்னலில் தலைகள்.

கடைசியில் பின்னலை எடுத்து முன்னால் போட்டாள். ஒற்றைப் பின்னல், லூசாக, வாழ்க்கையில் முதல் தடவை, முழுசாக!

துரை தலையைச் சாய்த்துப் பார்த்தார். “கோணல்.”

“அதுக்குத்தாங்க குதிரை வேணும்,” என்றாள் ஸ்டெல்லா.

துரை சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. வேலு அண்ணன் பக்கம் திரும்பினார். “சனி, ஞாயிறு. ரோட்டுல வேணாம், ஆபீஸ் கிரவுண்டுல. விழுந்தா நீ பொறுப்பு.”

வேலு அண்ணன் சலாம் போட்டார். துரைக்கா, குதிரைக்கா, தெரியவில்லை.

“சேர், அப்ப நான் அண்டைக்கு இறங்கி நிண்டது…” என்று இழுத்தார் கிளாக்கர் ஐயா.

“நல்லது. உடம்புக்கு எக்சர்சைஸ்,” என்றார் துரை. உள்ளே போய்விட்டார்.

அம்மா இப்போது சண்டையை மாற்றிவிட்டார். “கோணப் பின்னலோட கோயிலுக்கு வந்தா மானம் போகுது” என்கிறார். ஸ்டெல்லா அதே கோணலோடுதான் ஞாயிறு பூசைக்கு வந்தாள். அன்று பகல், கீழ் டிவிஷனில் பக்கவாதம் வந்து கிடக்கிற ஒருவரை, அவர் மனைவி கிரவுண்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். மேஜர் மேல் ஏற்றவே நாலு பேர் வேண்டியிருந்தது. ஸ்டெல்லா வாங்கில் உட்கார்ந்துகொண்டு ஆர்டர் போட்டாள். “மாமா, பிடரியப் புடிக்காதீங்க! மேஜருக்குக் கூச்சம்!”

உடனே ஆளுக்கொரு குதிரை பிடிக்க ஓடாதீர்கள். இது மாயம் இல்லை. ஸ்டெல்லா நடக்கவில்லை, நடப்பாள் என்று யாரும் சொல்லவும் இல்லை. முதலில் டாக்டரிடம் கேளுங்கள். குதிரை சாதுவாக இருக்க வேண்டும், கயிறு பிடிக்க ஒருவர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் வேண்டும். இத்தனையும் கிடைத்தால், உடம்பு தன்னைத்தானே தாங்கிக்கொள்ளக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக்கொள்கிறது. நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

குதிரை கிடைக்கவில்லையா? பரவாயில்லை. பஸ்ஸில் யாரையாவது தூக்கி ஏற்றினால், தூக்கி வந்தவரிடம் ‘இவர் பேர் என்ன’ என்று கேட்காதீர்கள். அவரிடமே கேட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள். அதற்கெல்லாம் குதிரை தேவைப்படாது.