பத்துமணிப் பூவின் விதை

எங்கள் குடும்பத்தில் பொய் சொல்லும் வழக்கம் கிடையாது. இந்த வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று சற்று யோசித்தேன், இருக்கட்டும்.

சுதந்திரம் வந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. இராயபுரத்தில் துறைமுக அலுவலர்கள் குடியிருந்த வரிசையில் எங்கள் வீடு. அப்பா தலைமை எழுத்தர். அவர் சொல்லுக்கு அந்த வரிசையில் மறுப்பில்லை. அங்கே செடிகளைப் பராமரித்த தோட்டக்காரரை மற்ற வீட்டார் வைத்துக்கொண்டதும் அப்பா சொன்னதன் பேரில்தான்.

ஒருநாள் அவர் பத்துமணிப் பூவின் விதையைக் காகிதத்தில் மடித்து அப்பாவிடம் கொடுத்தார். பங்களாக்களில் மட்டுமே பூத்த பூ அது. ஞாயிறன்று விதைக்கலாம் என்று அப்பா அதை மேசைமேல் வைத்தார். எட்டு வயதுப் பெண்ணாகிய நான் மடிப்பைப் பிரித்தேன். பார்ப்பதற்குள் கடற்காற்று அவ்வளவையும் வாரிக்கொண்டு போயிற்று.

குழாயடியில் பருப்புக்கீரை தானாக மண்டிக்கிடக்கும். அதன் காயைத் தொட்டாலே மூடி கழன்று, கடுகினும் சிறிய கறுப்பு விதைகள் கொட்டும். அவற்றைச் சேர்த்துக் காகிதத்தில் பழையபடி மடித்துவைத்தேன். பின்னாளில் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது, இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள் என்று அறிந்து சிறிது ஆறுதல் அடைந்ததுண்டு.

அப்பா பாதி விதையைத் தொட்டிகளில் தூவி, மீதியைப் பத்திரப்படுத்தினார். சிவந்த தண்டோடு முளைத்த செடிகளை அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டினார். மீன்காரம்மாதான் கூடையை இறக்காமலே சிரித்தாள்.

"இன்னா சாமி, பருப்புக்கீரைய தொட்டில வச்சி சீராட்டிகினு கீற? எங்க வூட்டாண்ட ஆடு கூட மெதிச்சிகினு போவுது."

"இது சீமை ஜாதி. உனக்குத் தெரியாது" என்றார் அப்பா.

மறுவாரம் தொட்டிதோறும் மிகச் சிறிய மஞ்சள் பூ மலர்ந்தது. வரிசை முழுவதும் அதை வந்து பார்த்தது. அப்பா தோட்டக்காரரை அழைத்துவரச் சொன்னார். நான்கைந்து வீட்டார் வாசலில் நிற்க, மீதி விதையை அவர் கையில் கொடுத்து, "இதுதான் நீ கொடுத்த பூவா?" என்று கேட்டார்.

தோட்டக்காரர் விதையை உள்ளங்கையில் கொட்டி வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"நா குடுத்தது ஈயம் மாதிரி மினுக்கும் சாமி. இது கன்னங்கரேல்னு…"

அப்போது அவர் பார்வை, அப்பாவின் பின்னே கதவைப் பற்றிக்கொண்டு நின்ற என்மேல் விழுந்தது. என் முகத்தில் என்ன கண்டாரோ, கையை மூடிக்கொண்டார்.

"என் தப்புதான் சாமி. பொட்டலம் மாறிப்பூட்ச்சி."

"என்னை நாலு பேர் சிரிக்கும்படி வைத்துவிட்டாய். இனி இந்தப் பக்கம் வராதே" என்றார் அப்பா. எங்களைப் பார்த்து மற்ற வீட்டாரும் அவரை நிறுத்திவிட்டார்கள். அம்மா அந்தக் கீரையைப் பருப்போடு கடைந்தாள். அப்பா தொடவில்லை, நான் இருமுறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

எனக்கு உறுத்தல் ஏதும் இல்லை. நான் மாற்றுவதற்கு முன்பே அவரும் பொட்டலத்தை மாற்றித்தான் கொடுத்திருக்கிறார் என்று மனப்பூர்வமாக நம்பினேன். அவரே அப்படிச் சொன்னாரே.