பாக்கியலட்சுமியின் விசில்

சிங்கப்பூரின் கிளமெண்டி அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் ஓடும் உலு பாண்டான், பாண்டான் ஆற்றின் துணையாறு. இரு கரையும் காங்கிரீட். காய்ந்த நாளில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும். கரையில் சைக்கிள் விடுவார்கள், கொக்கு மீன் பிடிக்கும். ஆனால் அதன் முதல் வேலை மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோவது. சற்றுத் தொலைவில் உள்ள புக்கிட் தீமா பகுதியின் மழையில் ஒரு பங்கும் இதற்குள் திருப்பி விடப்படுகிறது. ஆகவே கிளமெண்டியில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரலாம்.

இதை நினைத்துத்தான் பாக்கியலட்சுமி பயந்துகொண்டே இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. கால்வாய்த் துப்புரவில் பதினோரு ஆண்டு ஏழு மாதம். நீச்சல் தெரியாது. கூட வேலை செய்யும் மருதப்பன் ஏணியில் இறங்கிக் குப்பை அள்ளுவார். மேலே நின்று தண்ணீரைக் கவனித்து, ஆபத்தென்றால் விசில் ஊதுவது பாக்கியலட்சுமியின் பொறுப்பு. மேகம் லேசாகக் கறுத்தாலும் ஊதிவிடுவார்.

"ஏன் பாக்கியம், காக்கா பறந்தாலும் ஊதுவியா?" என்பார் மருதப்பன்.

"ஏறுங்கண்ணே, மேல வந்து சிரிங்க."

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. அந்த வாரம் அதற்குள் மூன்று முறை வீணாக ஊதியிருந்தார். "இன்னொரு தடவை சும்மா ஊதுனீங்க, வேற ஆளப் போட்டுருவேன் லா" என்று மேற்பார்வையாளர் ஜெய் காலையில்தான் எச்சரித்திருந்தார்.

பிற்பகல் 3.12. நல்ல வெயில். அதே கரையில், கொஞ்சம் தள்ளியிருந்த பெஞ்சில், வழக்கம்போல நாட்குறிப்போடு நான் இருந்தேன். மருதப்பன் அள்ளி முடித்த இடத்தில் மறுபடி ஒரு பிளாஸ்டிக் குவளை மிதந்து வந்தது. பிறகு பாட்டில்கள், ஒற்றைச் செருப்பு, பச்சை இலைக் கொத்துகள். எல்லாம் வேகமாக வந்தன. தண்ணீர் மட்டும் உயரவில்லை. பாக்கியலட்சுமி விசிலை வாயில் வைத்தார், எடுத்தார். பிறகு ஊதினார்.

மருதப்பன் நிமிரவில்லை. "வெயிலப் பாரு! ஜெய் காதுல விழுந்தா உன் வேலதான் போகும்."

"போகட்டும்! ஏறுங்கண்ணே!"

பாக்கியலட்சுமி மண்டியிட்டு ஏணியின் மேல்கம்பியை ஒரு கையால் பிடித்தபடி மறு கையைக் கீழே நீட்டினார். குரல் அழுகையாக உடைந்தது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் மருதப்பன் ஏணிக்கு வந்தார்.

கீழிருந்து ஆறாம் படியில் அவர் கால் இருந்தபோது பழுப்பு நீர் இரைந்து வந்தது. வலையும் வாளியும் போயின. கீழ் நான்கு படிகளும் மறைந்தன. மணி 3.16.

இருவரும் புல்லில் உட்கார்ந்தார்கள்.

"இன்னும் பயமா இருக்கா?" என்றார் மருதப்பன்.

"உங்களுக்கு இல்லையாண்ணே?"

மருதப்பன் கரை விளிம்பை விட்டு இன்னும் தள்ளி நகர்ந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து மார்ச் முடிய, என் நாட்குறிப்பின்படி, பாக்கியலட்சுமி நாற்பத்தொரு முறை ஊதியிருக்கிறார். தண்ணீர் வந்தது இரண்டு முறை. ஜெய் வேறு ஆள் போடவில்லை. நாற்பத்தொரு முறையும் மருதப்பன் ஏறினார்.