முள்ளம்பன்றி வளையும் மகளின் டெரியரும்

எங்கள் வீட்டு நாய்க்கு ஒரு கண் போனதற்கு நான்தான் காரணம். இதை மனைவியிடம் சொல்ல எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

வெளிநாடு போன மகள் எங்களிடம் விட்டுச் சென்ற டெரியர் அது. முழங்கால் உயரம்கூட இல்லை. கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் என்பதால் அதன் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நரி வளைக்குள் நுழைவதற்காக, மார்பு ஒடுங்கிய குட்டிகளாகப் பார்த்து இங்கிலாந்து வேட்டைக்காரர்கள் உருவாக்கிய இனம். உள்ளே போனால் பின்வாங்காது, நின்று குரைக்கும். மேலே மண்வெட்டியோடு நிற்பவர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத் தோண்டுவார்கள்.

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பரைப் பார்க்க ஒரு காலையில் அதையும் கூட்டிப் போனேன். அவர் செவலை நிறக் கோம்பை வேட்டை நாய் வளர்ப்பவர். எங்கள் பக்கம் நாய் என்றால் கோம்பைதான். மற்றதெல்லாம் கணக்கில் வராது.

“என்ன சார், எலியக் கயித்துல கட்டிக் கூட்டியாறீக? எங்க செவல தும்முனா இது வரப்புக்கு அங்கிட்டுப் போயி விழுகும்.”

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. வேலியோரம் ஒரு வளை தெரிந்தது.

“உங்க செவலைய இதுக்குள்ள போகச் சொல்லுங்க, பாப்பம்.”

“அது முள்ளம்பன்னி வளை சார். வெளையாடாதீக.”

கயிற்றை அவிழ்த்து, வளையை நோக்கி விரலை நீட்டினேன். நாய் உள்ளே போய்விட்டது.

காலடியில் குரைப்புக் கேட்டது. பிறகு ஓர் அலறல். பிறகு ஒன்றுமில்லை. கூப்பிட்டேன், வரவில்லை. வராது என்று படித்தவன் நான். என் கையில் கைத்தடி மட்டும்தான் இருந்தது. நண்பர் மோட்டார் அறைக்கு ஓடி மண்வெட்டியோடு வந்தார்.

“எங்கன வெட்டட்டும் சார்? சத்தமே இல்லையே.”

குப்புறப் படுத்துக் காதை மண்ணில் வைத்தேன். வெகுநேரம் என் மூச்சுதான் கேட்டது. கடைசியில் மெல்லிய உறுமல்.

“இங்கன.”

இரண்டு முழம் வெட்டியதும் மண்வெட்டியைத் தூக்கி எறிந்தார். “இனிக் கையால அள்ளுங்க. வெட்டு அது மேல விழுந்துரும்.”

அள்ளினோம். முகமெல்லாம் முள். இடது கண்ணிலும் ஒன்று. தூக்கியபோதும் வளைக்குள் திரும்பிப் போகத் துடித்தது.

உத்தமபாளையத்தில் கால்நடை மருத்துவர் அந்தக் கண்ணை எடுத்துவிட்டார். “கயித்த உருவிக்கிட்டு அதுவா ஓடிருச்சு” என்று மனைவியிடம் சொன்னேன். வீடுவரை உடன் வந்த நண்பர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி நம்பினாள். சொல் பேச்சுக் கேட்காத நாய் என்று முருங்கை மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினாள். நான் கடந்து போகும்போதெல்லாம் அது வாலாட்டியபடி என் விரலையே பார்க்கும்.

போன வாரம் சொல்லிவிட்டேன்.

“நீங்க அனுப்பித்தான் போச்சா?”

“ஆமா.”

எழுந்து போய்ச் சங்கிலியைக் கழற்றினாள். இப்போது நாயை அவளே வெளியே கூட்டிப் போகிறாள். நேற்று கயிற்றுக்குக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.