அந்த லேப்டாப்பில் இருந்த குரல்

நாலு வருஷத்துக்கு முந்தைய ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் தோளில் ஈரத் துண்டோடுதான் நடமாடுவார்கள். ரயில்வே ஸ்டேஷன் போகிற சாலையில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. திறப்பது, கூட்டுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாமே நான் ஒருத்திதான்.

கடை போட்ட புதிதில் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "ஆம்பள ஆள் யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டவர்கள் நிறைய. ஸ்க்ரூடிரைவரோடு நான் எழுந்து வந்தால், "பொறவு வாரேன்" என்று நழுவிவிடுவார்கள். அதனாலேயே எனக்குள் ஒரு வீம்பு வளர்ந்துவிட்டது. "தெரியாது" என்றோ, "தப்புப் பண்ணிட்டேன்" என்றோ யாரிடமும் சொல்லக் கூடாது. ஒரு தடவை சொன்னால் போதும், பொம்பளை கை வச்சா இப்படித்தான் என்று ஊரே சொல்லும். இந்த பயம் எனக்கு எப்போதும் உண்டு.

அந்த ஆனியில்தான் அவர்கள் வந்தார்கள், கணவனும் மனைவியும். பண்பொழி பக்கம் ஊர். அவர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர், லீவில் வந்திருந்தார். அந்த அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். முக்காடும் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியும். கையில் ஒரு சின்ன நோட்டு, அதிலேயே சொருகிய பேனா. தொண்டையில் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆகிறது, பேச்சு வராது என்று அவர்தான் சொன்னார்.

"தங்கச்சி, இந்த அப்டேட் ஒரு மாசமா உயிரை வாங்குது. ஏறுது ஏறுதுன்னு பாத்தா பாதியில திரும்பிப் பழையபடி வந்துருது. இது ஏறலைன்னா கம்பெனி சாப்ட்வேர் உள்ளயே விடமாட்டேங்குது. வெள்ளிக்கிழமை எனக்கு பிளைட்டு."

மனைவியைக் காட்டிச் சிரித்தார். "நான் வேற கடைக்குத்தான் போகணும்னேன். பொம்பளப் பிள்ள நடத்துத கடை இருக்கு, அங்கனதான் போகணும்னு எழுதிக் காட்டிட்டா."

அக்காவும் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

கிளம்பும்போது அவர் கேட்டார். "உள்ள இருக்கதையெல்லாம் ஒரு காப்பி எடுத்துருவமா? வீட்டுல ஒரு டிஸ்க் கெடக்கு. போறதுக்கு முன்னாடி எப்படியும் எடுக்கணும்னுதான் வச்சிருக்கேன். நாளைக்குக் கொண்டு வரட்டா?"

"எதுக்குண்ணே? அப்டேட்தானே! ஒண்ணும் போகாது" என்றேன்.

அந்த அக்கா நோட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதி என் பக்கம் திருப்பினாள். 'பத்திரம்' என்று இருந்தது. "சரிக்கா, பத்திரமாப் பாத்துக்கிடுதேன்" என்றேன். எது பத்திரம், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. குடும்ப போட்டோவாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தேன். தானாக ஏற மறுத்த அப்டேட்டைத் தனியாக இறக்கி, கையால் போட்டுப் பார்த்தேன். 'இது உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது' என்று வந்தது. உள்ளே இருந்த வெர்ஷன் அவ்வளவு பழசு. முந்தைய அப்டேட்டைத் தேடிப் போட்டேன். பாதி வரைக்கும் போய், அணைந்து மறுபடி ஆன் ஆகி, பழைய நிலைக்கே திரும்பியது. அரைகுறையாக இறங்கிக் கிடந்த பைல்களை அழித்துவிட்டுத் திரும்பவும் முயன்றேன். அதே கதைதான். டிஸ்க்கிலும் இடம் ரொம்பக் குறைவு. கடைசியில், புது வெர்ஷனையே முழுசாக ஒரு பென் டிரைவில் ஏற்றி, பழசின் மேலேயே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். இதை நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

அப்படிப் போடும்போது நடுவில் ஒரு கேள்வி வரும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவா, பைல்களை மட்டும் வைத்துக்கொள்ளவா, எதுவும் வேண்டாமா என்று. அந்த நேரம் பார்த்து குற்றாலத்திலிருந்து ஒரு லாட்ஜ்காரர் போன். "ரிசப்ஷன் கம்ப்யூட்டர் செத்துப் போச்சும்மா, வெளிய நாப்பது பேரு நிக்கான், உடனே வாங்க" என்று கத்துகிறார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே மவுஸை அமுக்கினேன். அடுத்த பக்கத்தில், என்ன செய்யப் போகிறது என்று அதுவே தெளிவாக எழுதிக் காட்டியிருக்கும். நான் படிக்கவில்லை. இன்ஸ்டால் என்பதைத் தட்டிவிட்டு, கடையைப் பூட்டி, தூறலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய்விட்டேன்.

மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால், புதிதாகக் கடையில் வாங்கிய லேப்டாப் மாதிரி 'எந்த நாடு, என்ன பெயர்' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. 'எதுவும் வேண்டாம்' என்பதை அமுக்கியிருக்கிறேன்.

ஆனால் ஒரு வழி உண்டு. இப்படிப் போடும்போது பழசு முழுவதையும் கம்ப்யூட்டர் ஒரு தனி போல்டருக்குள் கொஞ்ச நாள் வைத்திருக்கும். அதைத் திறந்து, போட்டோ, வீடியோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். கம்பெனி சாப்ட்வேரையும் திரும்பப் போட்டேன். பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

அதோடு விட்டிருக்கலாம். அந்தப் பழைய போல்டர் அப்படியே இருந்தால், 'இது என்னம்மா' என்று அவர் கேட்பாரே என்று தோன்றியது. டிஸ்க்கிலும் இடம் இல்லை. சுத்தமாக அழித்துவிட்டேன். இடத்துக்காக அழித்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் என் தப்பு தெரியக் கூடாது என்றுதான் அழித்தேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். அப்டேட் ஏறியதைப் பார்த்து அவருக்கு அவ்வளவு சந்தோஷம். போட்டோவெல்லாம் திறந்து பார்த்தார். பிறகு எதையோ தேடினார்.

"தங்கச்சி, இங்கன ஒரு ரெக்கார்டு பண்ணுத ஆப் இருந்துச்சே?"

"அது போயிருக்கும்ணே, ரெண்டு நிமிஷத்துல போட்டுத் தாரேன்" என்று இறக்கிப் போட்டேன். திறந்தார். 'பதிவுகள் எதுவும் இல்லை' என்று வந்தது.

அவர் திரும்பத் திரும்ப அதையே திறந்து மூடினார். அந்த அக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தானாகக் கழுத்துத் துணிக்குப் போனது.

அப்போதுதான் அவர் சொன்னார். திருவனந்தபுரத்தில் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தபோதே, இனி குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இவர் அவசர லீவில் வந்து, ஐந்து நாள் ரூமுக்குள் கதவைச் சாத்தி, சத்தம் விழுமென்று ஃபேனைக்கூட அணைத்துவிட்டு, அவளைப் பேச வைத்துப் பதிவு செய்திருக்கிறார். மூன்று பிள்ளைகளையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சோறு திங்க வாங்க பிள்ளையளா என்று அதட்டுவது, சின்னவனைத் தூங்க வைக்கச் சொல்லும் கதைகள். பன்னிரண்டு வயது மூத்தவளின் நிக்காஹ் அன்றைக்குப் போட்டுக் காட்ட என்று தனியாக ஒன்று. எல்லாம் அந்த ஆப்புக்குள்ளேயே இருந்திருக்கின்றன. நான் தேடி எடுத்த போல்டர்களில் எதிலும் அது இல்லை. அது இருந்த இடத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நான் அங்க இருந்தாலும் ராத்திரி போன்ல போட்டுக் காட்டுவேன். சின்னவன் டெய்லி கேட்டுட்டுத்தான் தூங்குவான்" என்றார்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "டிஸ்க்கே கெட்டுப் போயிருந்துருக்குண்ணே. அதனாலதான் அப்டேட்டே ஏறல. என்னைக்கு இருந்தாலும் போயிருக்கும்."

எவ்வளவு பொருத்தமாக வந்தது அந்தப் பொய்! அவரும் நம்பினார். அழித்ததை மீட்கிற சாப்ட்வேர் போட்டுப் பார்க்கிறேன் என்று இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். அழிந்ததன் மேலேயே இதெல்லாம் எழுதப்பட்டுவிடும் என்றுகூட யோசிக்காமல், அந்த டிஸ்க்கிலேயே எதையெதையோ போட்டுத் தேடினேன். சில பைல்களின் பெயர்கள் மட்டும் வந்தன. ஒன்றில் மூத்த பெண்ணின் பெயர் இருந்தது. திறந்தால் சத்தமே இல்லை.

கெட்ட டிஸ்க் என்று சொல்லிவிட்டேன் அல்லவா, அந்தப் பொய்யைக் காப்பாற்ற ஒரு புது டிஸ்க்கையும் நானே மாட்டிக் கொடுத்தேன். நல்ல நிலையில் இருந்த பழைய டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு அவர் கையில் தந்தேன். நான் அழுததைப் பார்த்து அந்த அக்கா நோட்டில் எழுதிக் காட்டினாள். 'உன் மேல் தப்பு இல்லை. நீ எவ்வளவோ பார்த்தாய்.' அப்புறம் என் கையைப் பிடித்து இரண்டு தடவை தட்டிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் பிளைட் ஏறிவிட்டார்.

அதன் பிறகு அவர்கள் ஊர்ப் பக்கமிருந்து ஆட்கள் என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். "அந்தப் பேச முடியாத அக்கா எழுதிக் குடுத்தாக, நல்ல பிள்ளை, மனசு வச்சுப் பாக்கும்னு" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசும். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உள்ளே கூட்டிப்போனாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். போன் பேசிக்கொண்டே அமுக்கியது, பழைய போல்டரை அழித்தது, டிஸ்க் நல்லாத்தான் இருந்தது என்பது வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் முடித்ததும் நோட்டை எடுத்து, ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தாள். பேனா நுனி பேப்பரைத் தொட்டபடியே நின்றது. திட்டி எழுதட்டும் என்று காத்திருந்தேன். அவள் ஒன்றுமே எழுதவில்லை. பேனாவை மூடினாள், நோட்டை மூடினாள். எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். நான் செருப்பைப் போட்டு ரோட்டில் இறங்கும் முன்னாலேயே உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அன்று சாயங்காலமே வளைகுடாவிலிருந்து அவர் போன் செய்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா அதுல யாரையும் கை வைக்க விடாம மதுரைக்கோ சென்னைக்கோ பெரிய ஆள்ட்ட கொண்டு போயிருப்பேம்லா? வந்திருக்குமோ வந்திருக்காதோ, பாத்தாவது இருப்பேன். நீங்க கெட்ட டிஸ்க்குன்னியள். இங்க வந்த அன்னைக்கே ரூம்ல குப்பையில போட்டுட்டேன், தங்கச்சி."

கடைசி வரைக்கும் அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். அதற்கப்புறம் அவரிடமிருந்து போன் வரவில்லை. அந்த ஊரிலிருந்தும் யாரும் என் கடைக்கு வருவதில்லை.

இப்போதெல்லாம் யார் எதைக் கொண்டு வந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு, முழுசாகக் காப்பி எடுத்த பிறகுதான் தொடுகிறேன். எது போனாலும் என் தப்பு என்றால் அந்த நிமிஷமே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் சண்டை போட்டுப் போயிருக்கிறார்கள், ஒருத்தர் "இதுக்குத்தான் பொம்பளைட்ட குடுக்கப்பிடாது" என்று ரோட்டில் நின்று கத்தினார். எதைக் கேட்கக் கூடாது என்று இத்தனை வருஷம் பயந்தேனோ அதைக் கேட்டாயிற்று. அது என்னை ஒன்றும் செய்துவிடவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் ஒரு தாயின் குரலைத் தேடிப் பார்க்க இருந்த கடைசி வழியையும் அடைத்தேன் என்பதை நினைத்தால், என்னை மன்னிக்க எனக்கே மனம் வரவில்லை.