டார்ச் பேட்டரி காட்டிய கோடு

என் வீட்டுக்காரருக்குக் கோணலாக எதுவும் கண்ணில் படக்கூடாது. சுவரில் படம் ஒரு விரற்கடை சாய்ந்திருந்தால் சாப்பாட்டிலிருந்து எழுந்துபோய் நிமிர்த்துவார். என்னைக் கட்டிக்கொண்டதே நிமிர்த்திவிடலாம் என்ற நப்பாசையில்தான் என்று நினைக்கிறேன். அது மட்டும் நடக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். எங்கள் முன்னறைதான் பட்டறை. அங்கே ராஜா, அவருடைய ஆசிலாஸ்கோப். மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பெட்டி. அது ஒன்றைக் காட்டிவிட்டால் அவரிடம் அப்பீலே கிடையாது.

என் தம்பி பஸ் டிரைவர். வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில், ஈசிஜியில் சமமாக ஓடவேண்டிய இடத்தில் கோடு வளைந்திருக்கிறது என்றார்கள். இதய நிபுணர் பார்க்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டிப்போ ஆபீஸில் உட்காரவைத்துவிட்டார்கள். அவன் சும்மாவே பயந்தாங்கொள்ளி. மாடிப்படி ஏறுவதை நிறுத்தினான், மகளைத் தூக்குவதையும் நிறுத்தினான். தினமும் வாசலிலேயே அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும் குட்டி அது. “அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லம்மா” என்றதும் எங்களுக்கெல்லாம் முன்னால் புரிந்துகொண்டது. அவன் உள்ளே வரும்போது ஓடிவந்து நாற்காலியை இழுத்துப்போடும். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். என்னவர் ஆறுதல் சொன்ன லட்சணம் இது: “அந்த ஈசிஜி மிஷினைப் போன மாசம் நான்தான் சரிபண்ணிக் கொடுத்தேன். மெதுவான சதுர அலையைக் கொடுத்து ஸ்கோப்புல பாத்தா, மட்டமா இருக்கவேண்டிய மேல்விளிம்பு சரிஞ்சு வந்துச்சு. உள்ளே இருக்கிற திருகைத் திருகி, நேராக்கிட்டுதான் அனுப்பினேன். அதனால மிஷின்ல தப்பு இருக்காது. டாக்டர் சொல்றதைக் கேளு.”

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. “நேரா இருக்கிறதுன்னா எப்படி மாமா இருக்கும்?” என்று கேட்டான்.

அவர் டார்ச் லைட்டிலிருந்து பேட்டரி ஒன்றை உருவினார். “இதுல வர்றது மாறாத மின்சாரம். கோடு மேல போய் அப்படியே நிக்கும், பாரு.” ஸ்கோப்பின் முனையை அதில் வைத்தார். கோடு மேலே துள்ளியது. உடனே வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. மறுபடி வைத்தார். மறுபடியும் அதே கதை.

“என்ன மாமா, பேட்டரி அதுக்குள்ள செத்துடுச்சா?” என்றான் தம்பி.

டீ கொண்டுவந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பேட்டரியை டார்ச்சில் போட்டுப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது. பிறகு ஸ்கோப்பின் முகப்பில் இருந்த சின்ன சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுவிட்ச் ஏசில கிடக்கு,” என்றார் மெல்ல. “ஒரு பவர் சப்ளைல இரைச்சல் பாக்கிறதுக்காக வெச்சேன். திருப்பி மாத்தாமலே அந்த மிஷினையும் பாத்திருக்கேன். ஏசில இருந்தா இது நிலையா நிக்கிறதை உள்ளேயே விடாது. வேகமா ஆடுறது மட்டும்தான் சரியாத் தெரியும். மெதுவான அலைன்னா கீழே இழுத்துச் சரிச்சுடும். டிசில வெச்சுத்தான் பாத்திருக்கணும்.” சுவிட்சைத் தள்ளிவிட்டுப் பேட்டரியைத் தொட்டார். கோடு மேலே போய் அசையாமல் நின்றது.

“அப்போ அந்த மிஷின்?” என்றேன்.

“அது நேராத்தான் இருந்திருக்கு. ஸ்கோப்தான் சரிச்சுக் காட்டியிருக்கு. நேரா இருந்ததை நான்தான் கோணலாக்கிட்டேன்.”

“ஊர்ல இருக்கிற கோணல் பத்தலைன்னு நீங்க இதையும் திருகினீங்களா?” என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு. அதைக்கூடக் கவனிக்கவில்லை அந்த மனிதர்.

சத்தமில்லாமல் திருகைத் திருப்பிவைத்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தோன்றியதா என்று தெரியாது. நேராக ஆஸ்பத்திரித் தலைமை டாக்டரிடம் போய், தப்பு தன்னுடையது, அந்த மிஷினில் பார்த்த எல்லோரையும் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். கூப்பிட்டார்கள். அதோடு அந்த ஆஸ்பத்திரி வேலையும் போயிற்று.

தம்பியை வேறு மிஷினில் பார்த்தார்கள். நெஞ்சு கல்லு மாதிரி இருக்கிறது என்று நிபுணரும் சொல்லிவிட்டார். மூன்று பேருமாக அவன் வீட்டுக்குப் போனோம். குட்டி நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தது. தம்பி குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

“வேண்டாம்பா, உனக்கு நெஞ்சு வலிக்கும்,” என்று அது பின்னால் நகர்ந்துகொண்டது.

என் வீட்டுக்காரர் அதன் எதிரே தரையில் உட்கார்ந்தார். “அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடா கண்ணு. மாமாதான் தப்பாப் பாத்துட்டேன்.”

“இப்போ சரியாப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சு.”

குட்டி அவரை நம்பவில்லை. அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னது. அவன் நெஞ்சில் காதை வைத்தது. வெகுநேரம் கேட்டுவிட்டு நிமிர்ந்தது.

“சரி,” என்றது. “நாளைக்குத் தூக்குப்பா.”