மாப்பிள்ளை வீடா, பெண் வீடா?

என் அக்கா மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். போன வாரம் கைப்பேசியில் அவளிடமிருந்து ஒரு கட்டளை வந்தது. தோழிகளோடு தேனிக்கு வருகிறாளாம். பகலில் அருவி, மலை என்று அவர்களே சுற்றிக்கொள்வார்களாம். "சாயந்திரத்துக்கு மட்டும் பாட்டு, நாடகம் மாதிரி ஏதாவது சொல்லுங்க மாமா. செலவில்லாம இருக்கணும்." பெங்களூரில் இதற்கெல்லாம் இணையத்தில் வழிகாட்டி இருக்கிறதாம். தேனிக்கு அப்படித் தேடினால் பல் ஆஸ்பத்திரிகளின் பெயர்கள்தான் வருகின்றனவாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் கர்வமும் வந்தது. ஒரு காலத்தில் தேனிக்கு அந்த வழிகாட்டியே நாங்கள்தான், நானும் சுருளிவேலும். இணையத்தில் ஏறாமல் போனது எங்கள் குற்றமில்லை.

நீங்கள் மதுரைக்காரராக இருந்தால், தேனியைப் பெரிய நகரம் என்று நான் சொல்வதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள். நான் மயிலாடும்பாறைக்காரன். அப்போது எங்கள் ஊரில் பொழுது சாய்ந்த பிறகு நடக்கும் ஒரே நிகழ்ச்சி, பேருந்து வந்து திரும்புவதுதான். அது பின்னோக்கி வந்து திரும்பும்போது "வரலாம், வரலாம்" என்று சொல்வதற்கே ஊரில் போட்டி இருக்கும். அப்படிப்பட்டவனைத் தேனியில் ஒரு விதைக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். முதல் வாரம் முழுக்க சிக்னலில் விளக்கு மாறுவதையே நின்று பார்த்தேன். அதற்கும் யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

சுருளிவேல் என் அறைத் தோழன், உத்தமபாளையத்துக்காரன். எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தான். சம்பளம் இருவருக்குமே அறை வாடகைக்கும் பரோட்டாவுக்கும் சரியாக இருக்கும். ஆனால் கலைத்தாகம் மட்டும் ஜமீன்தார்களுக்கு இருக்கவேண்டிய அளவுக்கு இருந்தது.

வைகை அணைப் பூங்காவில் கலர் விளக்குப் போடுவார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். விளக்குப் போடும் நேரத்துக்குத் திரும்பிவரப் பேருந்து இருக்காது என்று காவலாளி சொன்னார். இருட்டாத வெளிச்சத்தில், எரியாத பல்புகளை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்தோம். கெங்குவார்பட்டித் திருவிழாவில் பட்டிமன்றம் அருமையாக நடக்கும். நடுவர் தீர்ப்புச் சொல்லத் தொண்டையைச் செருமும்போது எழுந்து ஓடினால்தான் பேருந்தைப் பிடிக்க முடியும். அதனால் குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் மாமியாரா மருமகளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணம் ஆகி இத்தனை வருடமாகியும் தெரியவில்லை.

இவை எல்லாவற்றையும்விட உயர்ந்த இடம் ஒன்று இருந்தது. இப்போதும் எங்காவது பன்னீர் வாசனை வந்தால் என் கால்கள் தானாக அந்தப் பக்கம் திரும்பும். கல்யாண மண்டபத்தைத்தான் சொல்கிறேன்.

அந்த நாட்களில் முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் வரவேற்பு என்றால் மேடையில் பாட்டுக் கச்சேரி இல்லாமல் இருக்காது. கீபோர்டு, டிரம்ஸ், சிவப்புச் சட்டை போட்ட பாடகர், சால்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்ளும் பாடகி. இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே போனால் யாரும் தடுக்க மாட்டார்கள். வாசலில் ஒரு சிறுமி பன்னீர் தெளிப்பாள். சுருளி மட்டும் நின்று, "இன்னுங் கொஞ்சம் தெளி பாப்பா" என்பான். மோட்டார் வார்னிஷ் வாசனை அவன் உடம்பிலேயே ஊறிப் போயிருந்தது. அதை அமுக்க ஒரு தெளிப்புப் போதாது.

நாங்கள் மானஸ்தர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பாட்டு மட்டும்தான், பந்தி கூடாது என்பது எங்கள் சட்டம். அழைக்காத வீட்டில் கை நனைப்பதா? ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் சாப்பிடாமல் தப்பிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிய நாலு பேர் வரிசை வரிசையாக வந்து, "சாப்ட்டீகளா, சாப்ட்டீகளா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆயிற்று என்றால், "பாயசம் எப்பிடி இருந்துச்சு?" என்று அடுத்த கேள்வி வரும். நல்லாயிருந்தது என்பேன். அன்றைக்குப் பாயசமே போட்டிருக்க மாட்டார்கள். அவர்களைக் கண்டதும் தூணுக்குத் தூண் மாறி உட்கார்ந்து, பாதி கச்சேரியைத் தூணுக்குப் பின்னாலிருந்தே கேட்டிருக்கிறோம்.

நான் போனது பொழுதுபோக்குக்கு. சுருளி போன காரணம் வேறு. அவனுக்கு அந்த மேடையில் ஏறி ஒரே ஒரு பாட்டுப் பாட வேண்டும். வெறும் ஆசையாக இருந்தால் பரவாயில்லை, அது அவனுக்கு ஒரு நோயாகவே இருந்தது. குளிக்கும்போது குழாய்ச் சத்தத்தில் பாடுவான், கடையில் காயில் சுற்றும்போது மோட்டார் இரைச்சலில் பாடுவான், அறைக்குத் திரும்பும்போது சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து எதிர்காற்றில் பாடுவான். காற்று அள்ளிக்கொண்டு போனது போக எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்தே, இவனுக்குச் சரியான இடம் இந்தக் கடையில்லை என்று நான் மனமார நம்பினேன். அவனுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று. காதலி கைவிட்டுப் போனதும் நாயகன் மலை உச்சியில் நின்று பாடுகிற பாட்டு. "கல்யாண வீட்டுல இதப் பாடுனா அடிப்பாகடா" என்பேன். "ராகத்தக் கேளுடா, வார்த்தைய விடு" என்பான்.

நடுவில் ஒரு தடை இருந்தது. விருந்தாளி யாராவது பாட விரும்பினால், கீபோர்டுக்காரர் குனிந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "மாப்ள வீடா, பொண்ணு வீடா?" சுருளிக்குப் பொய் வராது. ஒவ்வொரு கல்யாணத்திலும் மேடையின் முதல் படிவரை போவான், கேள்வியைக் கேட்டதும் செருப்பு அறுந்த மாதிரி குனிந்துகொண்டு திரும்பிவருவான். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

பெரியகுளம் சாலையில் ஒரு மண்டபத்தில்தான் அது நடந்தது. தூணுக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்த எங்கள் முன்னால் ஒரு பட்டுச்சேலை வந்து நின்றது. பேச்சியம்மாள் அத்தை, மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அக்கா. அவர் யாரென்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

"ஏலே, ரெண்டு பேரும் எந்த ஊருடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுருளி உண்மையைச் சொல்லிவிட்டான். "உத்தமபாளையம்."

"அங்கன யாரு வீடு?"

"வாழைத்தார் கமிஷன் கடை முத்தையா மகன்."

அத்தையின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. "எங்க பெரியப்பா மகன் முத்தையாண்ணன் மகனா நீயி? அப்பன்னா மாப்பிள்ளைக்குத் தம்பி மொறைடா!" என்றவர், வந்த வேகத்திலேயே திரும்பிக் கூட்டத்துக்குள் ஓடினார்.

இதை மட்டும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு வீட்டுக்கும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முன்பொரு கல்யாணப் பத்திரிகையில் முத்தையாவின் பெயரை, வயதில் இளையவர் ஒருவரின் பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கொலையைக்கூட மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள். தேனியில் ஆகாத சொந்தம் உண்டு என்று சுருளிக்குத் தெரியும். அவர்களின் முகம் தெரியாது.

"எந்திரிடா, ஓடிருவோம்" என்றேன். அவன் காதில் அது விழவே இல்லை. கண் மேடையில் இருந்தது. "டேய், நான் மாப்ள வீடுடா!" என்றான். படியேறினான். கீபோர்டுக்காரர் குனிந்தார், கேட்டார். "மாப்ளைக்குத் தம்பி" என்றான் சுருளி, நெஞ்சை நிமிர்த்தி. மைக் கைக்கு வந்தது.

பாட்டு ஒரு நீளமான 'ஓ'வில் தொடங்கும். அவன் கண்ணை மூடி 'ஓ' என்றான். என் கண் கலங்கிவிட்டது. அதே சமயம் அத்தையும், மாப்பிள்ளையின் அப்பாவும், பின்னால் ஒரு கும்பலும் மேடையில் ஏறினார்கள். அத்தை அவன் கையைப் பிடித்து இழுத்தார். மைக் இன்னும் வாயருகேதான் இருந்தது. அதனால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அண்ணன் வராட்டியும் மகன அனுப்பிட்டாகளே! ஏலே மருமகனே, பாட்டு என்னடா பெரிய பாட்டு, மொதல்ல வந்து சாப்புடுடா!"

"அத்த, ஒரே ஒரு பல்லவி..."

"பல்லவியாம்! புள்ள எளச்சுப் போயிருக்கான் பாருங்க!"

பாதி மண்டபம் அழுதது. பாடகி சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூணுக்குப் பின்னால் ஒண்டியிருந்த என்னையும் ஒருவர் கண்டுபிடித்தார். "இது யாரு?" "கூட வந்த ஆளு." "அவனையும் இழு!" எங்கள் சட்டம், மானம் எல்லாம் அன்றைக்கு வடையோடும் பாயசத்தோடும் உள்ளே போயின. சுருளி இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண்ணீரைச் சொந்தக்காரர்கள் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மண்டபத்துப் போனிலிருந்து உத்தமபாளையத்துக்குச் செய்தி போனது. மறுநாள் முகூர்த்தத்துக்கு முத்தையா ஒரு வேன் நிறைய வாழைத்தாரோடு வந்து இறங்கினார். மகனைத் தனியே அழைத்து, "நீ எப்பிடிடா இங்கன வந்த?" என்று கேட்டார். "பாட்டுக் கேக்க வந்தேம்ப்பா" என்றான் சுருளி. அவர் நம்பவில்லை. பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைக்கத் தன் மகன் போட்ட திட்டம் இது என்று கம்பம் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டு விசேஷம் எதுவானாலும் சுருளி பெயர் பத்திரிகையில் இருக்கும், சரியான இடத்தில். இப்போது எந்தக் கீபோர்டுக்காரர் கேட்டாலும் பதில் உண்டு. ஆனால் சொந்தக்காரன் ஆனவனுக்குப் பாட நேரம் ஏது? "பாட்டெல்லாம் பெறகு மருமகனே, சாம்பார் வாளியப் பிடி" என்பார் அத்தை. கச்சேரி நடக்கும்போதெல்லாம் அவன் பந்தியில் நின்றான். ஒரு மகா பாடகனை இந்த உறவு முறை விழுங்கிவிட்டதே என்று நான் உள்ளுக்குள் குமுறினேன்.

அந்தக் கச்சேரிகள் இப்போது இல்லை. கீபோர்டுக்குப் பதில் பெரிய திரை, பாடகருக்குப் பதில் காதில் கருவி மாட்டிய ஒரு பையன். பேச்சியம்மாள் அத்தை கொரோனாவுக்கு முந்தைய வருடம் போய்விட்டார். அன்றைக்குப் பன்னீர் தெளித்த நேரத்துக்குக்கூட ஊரில் இப்போது யாரும் யாரையும் நின்று பார்ப்பதில்லை.

போன மாதம் தேனியில் ஒரு வரவேற்பு. நானும் சுருளியும் போயிருந்தோம். திரைப் பையன் மைக்கில், "யாரு வேணா வந்து பாடலாம்" என்றான். எந்த வீடு என்று கேட்கவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. சுருளி என்னைப் பார்த்தான். ஐம்பது தாண்டிய மனிதன் படியில் தாவி ஏறினான். அதே 'ஓ'.

நண்பரே, உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? காற்று எதுவும் இல்லாத குளிர்சாதன மண்டபத்தில் அவன் குரலை முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். பாறைமேல் இரும்புக் கட்டிலை இழுத்த மாதிரி இருந்தது. பல்லவி முடிந்தது, சரணம் வந்தது, இன்னொரு சரணமும் வந்தது. நான் வாசலைப் பார்த்தேன். ஒரு பட்டுச்சேலை ஓடிவராதா என்று உண்மையாகவே பார்த்தேன். எல்லோரும் கைப்பேசியில் குனிந்திருந்தார்கள். முடிந்ததும் தலை நிமிராமலே கைதட்டினார்கள்.

வியர்க்க விறுவிறுக்க இறங்கி வந்து, "எப்பிடிடா?" என்றான். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"இன்னொண்ணு பாடுறா" என்றேன். வேறு என்ன சொல்வது? கையைப் பிடித்து அவனை இறக்கும் உரிமை இருந்த ஒரே ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். அவன் மறுபடி படியேறினான்.